நாலு பேருக்கும் ஒரே அளவு

செல்வின் ஜெயதுரை நாலு பையன்களுக்கும் ஒரே அளவில் சட்டை தைத்ததும், தைத்த சட்டையைப் போட்டுக்கொண்ட நாலு பேரும் சட்டைக்குத் தகுந்தபடி ஒரே ஆளாக மாறிப்போனதும் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பில் நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு காய்கறி வண்டிக்காரரிடம் முற்றிப்போன முருங்கைக்காயைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. அந்த நாலு பேரில் ஒருவன் என் மகன். எந்த ஒருவன் என்பதுதான் அடுத்த இரண்டரை வருஷம் எனக்கு இருந்த ஒரே கவலை. மற்றதெல்லாம், அதாவது பாட்டு, புகழ், டிவி, கொழும்புப் பயணம் எல்லாம், ஊருக்கு.

ஜெயதுரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவரை ஏதோ மந்திரவாதி என்று நினைத்துவிடுவீர்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவர். ஜில்லாவில் பாதிப் பிள்ளைகள் அவர் தைத்த சட்டையில்தான் மூக்கைத் துடைத்து வளர்ந்தன. தொழிலில் அவருக்கென்று ஒரு முறை உண்டு: ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி அளவெடுக்க மாட்டார்; வகுப்பு வாசலில் நின்று மொத்தக் கூட்டத்தையும் ஒரு பார்வை பார்ப்பார், குண்டையும் ஒல்லியையும் நெட்டையையும் குட்டையையும் மனசுக்குள் கூட்டி வகுத்து, அந்த வகுப்பிலேயே இல்லாத ஒரு நடுத்தரப் பிள்ளையைக் கண்டுபிடித்து, அந்த இல்லாத பிள்ளைக்கு அறுபது சட்டை தைத்து அனுப்பிவிடுவார். தாய்மார்கள் சண்டைக்குப் போனால், "பிள்ளைங்க சட்டைக்கு வளந்துருவாங்கம்மா, கவலைப்படாதீங்க" என்பார். இருபது வருஷமாக அவர் சொல்லிவந்ததை அந்த வியாழக்கிழமை மேலே யாரோ காதில் வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒரு பெரிய பள்ளிக்கூடம் திடீரென்று யூனிஃபார்ம் நிறத்தை மாற்றியதில் பாட்டில் க்ரீன் துணி மூன்று பேல் அவர் தலையில் விழுந்து கிடந்தது. கேசட் போய் சிடி வர ஆரம்பித்த காலம். டிவியைத் திறந்தால் வெளிநாட்டுப் பையன்கள் ஐந்து பேர் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, ஒரே மாதிரி கையை நீட்டி, ஒரே பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெயதுரை அதைப் பார்த்தார், பேலைப் பார்த்தார், மறுபடியும் டிவியைப் பார்த்தார். நம்மூரில் இப்படி ஒரு குழுவை உண்டாக்கினால் என்ன என்று தோன்றியது. பாட்டு தெரியுமா என்று கேட்டால், "சட்டை தெரியும்" என்றார்.

அவர் பிடித்த நாலு பேரும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள், ஒரே கல்லூரியில் முதல் வருஷம். பலசரக்குக்கடை ராஜகனி மகன் தங்கசெல்வம், குண்டு, வீட்டில் ஒரு கீபோர்டு வைத்திருந்தான். மைமூன் மகன் நூர்தீன், குட்டை, நாலு பேரில் உண்மையாகவே பாடத் தெரிந்தவன் அவன்தான். என்னோடு கான்வென்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிலோமி பர்னாந்தின் ஏழு பிள்ளைகளில் நாலாவது, ரோமால்ட், சுருட்டை முடி, மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார். நாலாவதாக என் மகன் சங்கரநயினார். ஒல்லி, நெட்டை, அவன் அப்பாவைப் போலவே விரிந்து நிற்கும் காது. அவனுக்குப் பாட்டும் வராது, வாத்தியமும் வராது. பேச்சே மெதுவாகத்தான் வரும். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நடுவில் ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வான், உதடு துடிக்கும், கண் மேலே போகும், அதற்குள் நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருப்பேன், பொங்கிக்கொண்டிருக்கும், யாரால் நிற்க முடியும்? நானே அந்த வாக்கியத்தை முடித்துவைத்துவிடுவேன். பாட்டில் மட்டும் அவனுக்குத் திக்காது. அதனால்தான் போயிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, "படிக்கிற பிள்ளைக்கு என்னடா கூத்து" என்று ஏசினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சரி, போய்த்தொலை" என்று அதையும் நானே முடித்துவைத்தேன்.

அன்று சாயங்காலம் தண்ணீர்த்தொட்டி முக்கில் பாட்டில் க்ரீன் சட்டையில் வந்து நின்றது நாலு பேர்தான், ஆனால் ஒருவன்தான். குண்டும் இல்லை ஒல்லியும் இல்லை, நெட்டையும் இல்லை குட்டையும் இல்லை, முடியில் கால்வாசிச் சுருட்டை, காதில் கால்வாசி விரிப்பு, பார்க்க லட்சணமாக, எங்கள் நாலு வீட்டிலும் அதுவரை பிறந்திராத ஒரு பிள்ளை நாலு தடவை நின்றது. சட்டை கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஜெயதுரை பின்னாலேயே வந்தவர், தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சட்டை பொருந்தியதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல என் பிள்ளை எதுட்டி?" என்று மைமூன் என்னைக் கேட்டாள்.

"என்னைக் கேட்டா? நீதானே பெத்த."

"நீ மட்டும் என்ன, கடையிலயா வாங்குன? உன் பிள்ளையை நீ காட்டு பாப்போம்."

காட்ட முடியவில்லை. பெயரைக் கேட்டால் சொல்லியிருப்பார்களே என்பீர்கள். கேட்டோம், சொன்னார்கள், நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பதினெட்டு வயசுப் பையன் சிரித்துக்கொண்டு சொல்வதை எந்தத் தாய் நம்புவாள்? பேச்சும் நாலு பேருக்கும் ஒன்றாகவே வந்தது, கடைசிச் சொல்லுக்கு முன்னால் மட்டும் மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒரு சின்னத் தயக்கம். என் மகனின் திக்கல் நாலு பேருக்கும் பங்கு பிரிந்து ஆளுக்குக் கால்வாசி போயிருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லியும் பார்த்தோம். கழற்றினார்கள். ஒன்றும் மாறவில்லை. ஜெயதுரை சட்டை அப்படி, ஒரு தடவை படிந்தால் படிந்ததுதான்.

பிறகு இருட்டத் தொடங்கியது, கொசு வந்தது, எல்லார் வீட்டிலும் உலை கொதித்தது. நாலு பையன்களும் தொட்டி முக்கிலிருந்து பிரிந்து ஆளுக்கொரு தெருவாகத் தாங்களாகவே நடந்தார்கள். ஒருவன் என் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். சரி, கால்களுக்கு வீடு தெரியும், முகம் எப்படியிருந்தால் என்ன என்று நாலு பேரும் முடிவு கட்டிவிட்டோம். என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசிலிருந்து வந்தார், பையனை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார். "ஆமா, அப்படித்தான் ஆயிருக்கு, கைகால் கழுவிட்டு வாங்க" என்றேன்.

எந்த அதிசயமும் எங்கள் குடியிருப்பில் ஒரு வாரத்துக்கு மேல் அதிசயமாக இருக்காது. எட்டாவது நாள் அதற்கு ஒரு நடைமுறை வந்துவிடும். முடிதிருத்தும் சுடலை ஒருவனை உட்காரவைத்து வெட்டிவிட்டு அவனையே முன்னால் நிறுத்தி மற்ற மூன்று பேருக்கும் பார்த்து வெட்டினார். கல்லூரியில் நாலு பேரில் யார் வந்தாலும் நாலு பேருக்கும் வருகை போட்டார்கள், நாலு பேரில் யார் பேசினாலும் நாலு பேரையும் வெளியே நிறுத்தினார்கள். ஒருவனை நாய் கடித்தபோது எவனைக் கடித்தது என்று தெரியாமல் நாலு பேருக்கும் ஊசி போட்டார் டாக்டர், அதில் மூன்று பேர் எங்களை அப்படி ஏசினார்கள், நாலாவது ஆளும் சேர்ந்துதான் ஏசினான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு ஒருவன் போனான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஒருவன் போனான், பிரதோஷத்துக்கு என்னோடு ஒருவன் வந்தான். சிவன் கோயில் குருக்களிடம் மட்டும் என் சந்தேகத்தை மெல்லச் சொன்னேன். அவர் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரா இருந்தா என்னம்மா, குளிச்சிருக்கான்ல?" என்று விபூதியைப் பூசிவிட்டார்.

குழுவுக்கு ஜெயதுரை பாட்டில் க்ரீன் என்றே பெயர் வைத்தார். முதல் பாட்டு, டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறிய ஒருவன் ஜன்னலோரம் இருக்கும் பெண்ணிடம் பேர் கேட்கிற பாட்டு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, அவளும் கடைசிவரை பேர் சொல்ல மாட்டாள். ஆனால் நாலு தொண்டையிலிருந்து ஒரே குரல், எதிரொலி மாதிரி இல்லாமல், ஒரே ஆள் நாலு ஜன்னல் வழியாகப் பாடுகிற மாதிரி வந்தபோது, ஐஸ் வண்டிக்காரர் மணியடிப்பதை நிறுத்தினார், டீக்கடையில் பரோட்டாவுக்கு மாவு வீசியவர் வீசிய மாவைப் பிடிக்க மறந்தார். மூன்று மாதத்தில் அது கோவில்பட்டி தாண்டி மதுரை தாண்டி மெட்ராஸ் போய்விட்டது. டிவியில் வந்தார்கள். நோட்டுப் புத்தக அட்டையில் வந்தார்கள். பெண்பிள்ளைகள் இரண்டாகவும் நாலாகவும் பிரிந்து, எனக்கு இடமிருந்து இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கும், அவன் கண்ணில் ஒரு சோகம் இருக்கிறது, உன் மூன்றாவது ஆள் திமிர் பிடித்தவன் என்று பஸ்ஸில் சடையைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். அதே ஆள்தான்டி அதுவும் என்று நான் ஒருத்தியிடம் சொன்னேன். "ஆன்ட்டி, உங்களுக்கு வயசாயிட்டு" என்றாள்.

அதற்கும் காரணம் ஜெயதுரைதான். ஒரே முகமாக இருந்தால் ஜனங்களுக்கு அலுத்துவிடும் என்று சட்டைப் பையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண் தைத்துவிட்டார். ஒன்று குறும்புக்காரன், இரண்டு சோகக்காரன், மூன்று கோபக்காரன், நாலு அம்மா பிள்ளை. சட்டைகள் சலவைக்குப் போய்வரும்போது கலந்துவிடும்; யார் கையில் எது கிடைக்கிறதோ அந்த வாரம் அவன் அதுவாக இருந்தான். ஒரு பொங்கலன்று டிவி பேட்டியில் நாலாம் எண் கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "எனக்கு எங்க அம்மாதான்... எல்லாமே." அந்தச் சின்னத் தயக்கம் இருந்தது பாருங்கள், அதில் நான் அழுதுவிட்டேன். அழுத கண்ணோடு பிலோமி வீட்டுக்கு ஓடினால் அவள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அங்கேயே மைமூனும் வந்தாள், ராஜகனி வரும்போதே தேம்பிக்கொண்டுதான் வந்தாள்.

"என் பிள்ளைதான்டி சொன்னான்" என்றாள் ராஜகனி.

"உன் பிள்ளையா? அவன் உன்னை என்னைக்கு அம்மான்னு கூப்பிட்டான்? பசிக்குதுன்னுதானே கூப்பிடுவான்" என்றேன்.

"போ மதினி, உன் வாயில இருந்து நல்லதா ஒரு வார்த்தை வராதா?"

பிலோமி மட்டும் என்னையே பார்த்தாள். அப்புறம் மக்ரூன் டப்பாவைத் திறந்து என் கையில் இரண்டு வைத்தாள். அந்தப் பார்வையை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்க எங்கே நேரம்?

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த நாட்களில் பெருமை தாங்கவில்லை. பாட்டால் இல்லை. என் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவன் அத்தனை மாறியிருந்தான். முன்பெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்து போகிறவன், இப்போது ரசத்தை உறிஞ்சிவிட்டு, "இன்னொரு கரண்டி" என்று தட்டை நீட்டினான். நான் ஏசினால் சிரித்தான். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால், "எருமைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ" என்று கேட்டில் நின்று நான் கத்த, இரண்டு தெரு கேட்கக் கத்த, அவன் முகம் மலர்ந்துகொண்டு வந்தான். "இவனுக்கு நல்லபுத்தி வந்துட்டு பிலோமி, ஜெயதுரை சட்டையில ஏதோ இருக்கு" என்று நான் அவளிடம் சொல்லாத நாளில்லை. ஆனாலும் சில மத்தியானங்களில், வீடு சும்மா இருக்கும்போது, என் மகனின் பழைய முகத்தை நினைத்துப் பார்க்க உட்காருவேன். காது ஞாபகம் வரும். நெற்றியிலிருந்து கீழே இறங்கினால் ஒன்றும் வராது. பதினெட்டு வருஷம் அந்த முகத்துக்கு நேராக நின்று பேசியிருக்கிறேன், பேசினேனே தவிர பார்க்கவில்லை. ஆல்பத்தை எடுத்தால் எல்லாப் படத்திலும் அசைந்திருந்தான். "அசையாம நில்லுடா" என்று நான் கத்தியிருப்பேன், அதில்தான் அசைந்திருப்பான்.

புகழ் ஏறின மாதிரியேதான் இறங்கியது, யாரும் தள்ளவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் ஐந்து பெண்பிள்ளைகளை வைத்து ஒரு குழு தொடங்கினார், அவர்கள் வியர்க்கவே மாட்டார்களாம். மதுரையில் ஆறு பேர் சக்கர ஷூ போட்டுக்கொண்டு பாடினார்கள், அவர்களுக்கு நிழல் விழாது என்று சொன்னார்கள், விழுந்ததோ என்னவோ, ஜனங்கள் அங்கே போய்விட்டார்கள். ஆறு மாதத்தில் அவர்களும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. பாட்டில் க்ரீனின் இரண்டாவது சிடியில் அதே பையன் அதே ரயிலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினான், யாரும் ஏறவில்லை. துணியும் வெளுத்தது. பேலில் கிடந்து மட்கிய துணிதானே, சலவைக்குச் சலவை நிறம் இறங்கி, பாகற்காய் வேகவைத்த தண்ணீர் நிறத்துக்கு வந்தது.

விருதுநகர்ப் பொருட்காட்சியில், பாட்டின் நடுவில், முதல் பித்தான் தெறித்தது. அடுத்தது இரண்டாவது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு போலீஸ்காரர் தொப்பியில் மூன்றாவது பட்டது. மேடையில் தங்கசெல்வம் தன் சொந்தத் தொந்தியோடு நின்றுகொண்டிருந்தான். ராஜகனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறி, "என் செல்லம் வந்துட்டான்" என்று எல்லோர் முன்னாலும் அந்தத் தொந்தியைத் தட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்கு இரண்டரை வருஷமாகப் போய்க்கொண்டிருந்தவன் அவனேதான். காலுக்கு வீடு தெரிந்திருந்தது. அடுத்த மாதம் திருச்செந்தூரில் ஒரு கல்யாண வரவேற்பில் நூர்தீன் பாடிக்கொண்டே குள்ளமாகி மைக்குக்கு எட்டாமல் போனான். அவனும் அவன் வீட்டில் இருந்தவன்தான். மைமூன் பிரியாணி போட்டாள், எனக்குத் தனியாகக் காய்கறியில் செய்து கொடுத்துவிட்டாள்.

மிச்சம் இரண்டு பேர். என் வீட்டில் ஒருவன், பிலோமி வீட்டில் ஒருவன். அவர்களை வைத்தும் ஜெயதுரை ஒரு ஜவுளிக்கடைத் திறப்புவிழாவில் பாடவைத்தார். மனுஷனுக்கு விட மனமில்லை. இரண்டு பேரும் அந்த வெளுத்த சட்டையில் நின்று, ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, நீ பேர் சொல்லவே இல்லை என்று பாட, எதிரே சேலை பார்க்க வந்தவர்கள் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயதுரை ஓரமாக நின்று உதட்டசைத்து அவர்களோடு பாடினார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது. இல்லாத ஒரு பிள்ளையை இத்தனை பிரியமாக யாரும் வளர்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கு மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலையில் நான் இட்லித் தட்டோடு வந்தேன். மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனின் முடி முழுச் சுருட்டை. தோள் அகலம். நிமிர்ந்தான். அது பிலோமியின் மூக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த மூக்கு.

தட்டு கீழே விழவில்லை. எவர்சில்வர் தட்டை நான் கீழே போடுகிறவள் இல்லை. மேஜையில் வைத்தேன்.

"ரோமால்ட்" என்றேன்.

அவன் தன் கையைப் பார்த்தான், தலையைத் தொட்டுப் பார்த்தான். "வந்துட்டா ஆன்ட்டி?" என்று கேட்டான். குரலும் அவனுடையது.

"எத்தனை நாளாடா?"

"முதல் நாள்ல இருந்தே."

"தெரிஞ்சா வந்த?"

"தொட்டி முக்குல நயினார்தான் சொன்னான், ஒரு வாரத்துக்கு நீ எங்க வீட்டுக்குப் போ, நான் உங்க வீட்டுக்குப் போறேன்னு. சும்மா விளையாட்டுக்குத்தான் ஆன்ட்டி. அப்புறம் இன்னொரு வாரம், இன்னொரு வாரம்னு போயிட்டு."

"உனக்கென்னல கேடு? உங்க வீட்ல சோறு இல்லையா?"

"எங்க வீட்ல ஏழு பேரு ஆன்ட்டி. நான் வரலைன்னா ராத்திரி படுக்கப் பாய் விரிக்கும்போதுதான் தெரியும். இங்க அஞ்சு நிமிஷம் லேட்டானா நீங்க கேட்டுல நிப்பீங்க. எனக்கு மட்டும்னு ஒருத்தரும் அப்படி ஏசுனதில்லை." அவன் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"சரி, அவன் எதுக்குப் போனான்?"

"அதை அவன்கிட்டயே கேளுங்க."

என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவர், ரோமால்ட்டைப் பார்த்து, "முடி வந்துட்டா?" என்றார். நான் திரும்பினேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்க வீட்டுக்கு கேரம் விளையாடப் போவேன்ல. அவன்கூடத்தான் விளையாடுவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்ல ஆரம்பிச்சேன். மூணு தடவை. மூணு தடவையும் நீயே முடிச்சு வச்சுட்ட."

சேலையை மாற்றவில்லை, தலை சீவவில்லை. பிலோமி வீட்டுக்கு இரண்டு தெரு. வெயில் அதற்குள் ஏறியிருந்தது. அந்த இரண்டு தெருவில் நான் அவனிடம் சொல்ல வேண்டியதை நாலு விதமாகத் தயார் செய்தேன்; நாலும் 'ஏல' என்றுதான் தொடங்கின. அவன் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு விதம்கூடத் தயாராகவில்லை.

பிலோமி வீட்டு அடுக்களையில், பலகையில், ஒல்லியாக, நெட்டையாக, விரிந்த காதோடு என் மகன் உட்கார்ந்து பழைய சோறும் முந்தின நாள் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மீன்குழம்பு! எங்கள் வீட்டில் முட்டை வாசமே ஏழு தலைமுறையாகக் கிடையாது. அதையெல்லாம் நான் பிறகுதான் நினைத்தேன். முதலில் அந்த முகத்தைப் பார்த்தேன். புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. அது எப்போது வந்தது, விழுந்தானா, பிறக்கும்போதே உண்டா, தெரியவில்லை.

"உட்காரு காந்தி" என்றாள் பிலோமி. என் முழுப்பேர் காந்திமதி, அப்படிக் கூப்பிட அவளுக்கு நேரம் கிடையாது.

"உனக்கும் தெரியும்."

"முதல் நாளே தெரியும். முள்ளெடுக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தான், பாவம். என் பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டு எடுக்கும். நான் உங்க வீட்டு வழக்கப்படி பருப்புதான்டி போட்டேன், மாதா சத்தியமா. ஒரு வருஷம் பருப்புதான். இவன்தான் ஒருநாள் கேட்டான்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ தினம் வந்து என் மகன் திருந்திட்டான், என் மகன் சிரிக்கான்னு பூரிச்சுக்கிட்டு நின்ன. என் பிள்ளையைத்தான் நீ அப்படிச் சொல்ற. எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். "ஏழுல ஒண்ணைச் சரியா பாக்கலைங்கிறது எனக்கும் உறைச்சுதுட்டி."

நயினார் தலை நிமிரவில்லை. விரல் நுனியால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஏல" என்றேன். அதற்கு மேல் நான் தயார் செய்த எதுவும் வரவில்லை. "எங்கிட்ட இருக்கப் பிடிக்கலையா?"

அவன் நிமிர்ந்தான். "அ..." என்றான். உதடு துடித்தது. கால்வாசித் திக்கல் இல்லை இது, முழுசாக அவனிடமே திரும்பி வந்திருந்தது. கண் மேலே போனது.

"பிடிக்கலைன்னா..." என்று நான் ஆரம்பித்தேன். பிலோமி அடுப்புத் துணியால் என் முழங்கையில் ஒன்று போட்டாள். வாயை மூடினேன். பையன் முதலிலிருந்து மறுபடி தொடங்கினான்.

"அ... அப்படி இல்லைம்மா. இங்க நான் ஒண்ணு சொ... சொல்ல ஆரம்பிச்சா, கறி அரிஞ்சுக்கிட்டே கேப்பாங்க. யா... யாரும் முடிச்சு வைக்க மாட்டாங்க."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அதை ஒரு புகாராகக்கூடச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னான். என் முகம் எப்படிப் போயிற்றோ, அவன் கையிலிருந்த சோற்றை மறுபடி தட்டில் வைத்தான்.

"சாயங்காலம் நீ ரோ... ரோமால்ட்டை ஏசுறது இங்க வரைக்கும் கேக்கும்" என்றான். நிறுத்தினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெளியே மீன்காரி கூவிக்கொண்டு போனாள், பிலோமியின் கடைக்குட்டி வந்து என் மடியில் ஏறி இறங்கிப் போயிற்று, அந்த ஒரு சொல் இன்னும் வரவில்லை. அதை எடுத்துக் கொடுக்க என் நாக்கில் ஆறேழு சொல் வரிசையில் நின்றன, நாக்கைக் கடித்துக்கொண்டேன், உண்மையாகவே கடித்தேன், வலித்தது.

"அது கே... கேட்ட பிறகுதான்," என்றான் என் மகன், "நான் சா... சாப்பிடவே உட்காருவேன்."

பிலோமி மூக்கை உறிஞ்சினாள். "முழுசாச் சாப்பிடட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போ. முள்ளெடுக்கிறவனை அவசரப்படுத்தக் கூடாது" என்றாள்.

தட்டில் இன்னும் பாதி மீன் இருந்தது. அவன் அதைப் பைய எடுத்தான், ஒரு முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், வைத்தான், அடுத்ததை எடுத்தான். எனக்கு வீட்டில் ஆயிரம் வேலை கிடந்தது. நான் காலை மடக்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.